முறுக்கமும் இறுக்கமும்



தமிழ்ப் பெண்டிர் காதிலணியும் தோட்டில் ஒரு திருகு உண்டு. தண்டில் வெட்டிய வரியை மரை என்பர். அதனை உள்வாங்கிக் கவ்வும் துளையுடை உறுப்பைச் சுரை என்பர். பொற்கொல்லர் பட்டறையில் இச்சொற்கள் இன்றும் வழக்கிலுள்ளன. சுரையை முடுக்கும் விரல்களுக்கு எவரும் அளவுகோல் கொடுத்ததில்லை. தளர முடுக்கினால் தோடு வழியில் விழுந்துபோகும். வரம்பு மீறி முடுக்கினால் பொன்மரை தேய்ந்து, சுரை பிடிப்பின்றிச் சுழலும். "அவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்று ஊரார் ஒருவனை எள்ளும்பொழுது, இந்தப் பட்டறிவைத்தான் மாந்தன்மேல் ஏற்றிச் சொல்கின்றனர்.

தோடு விழுந்தால் இழப்பு சிறு பொன். ஓசூரிலும் திருப்பெரும்பூதூரிலும் நாள்தோறும் பூட்டப்படும் வண்டிகளில், உருளியைப் பிடித்திருக்கும் திருகு கழன்றால் இழப்பு உயிர். அங்குப் பணிசெய்யும் தமிழிளைஞர் வாயில் வழங்குவன போல்ட்டு, நட்டு, டார்க்கு என்னும் சொற்கள். போல்ட்டு என்பது மரையாணி. நட்டு என்பது சுரை. டார்க்கு என்பது முறுக்கம். மொழிப்பற்றினால் மட்டும் இவற்றை எடுத்துரைப்பதாக எவரும் கருதவேண்டா. டார்க்கு என்னும் சொல் பொருள் விளங்காத வெற்றொலியாகக் காதில் விழுவதனால் ஒரு பெருமயக்கம் விளைகின்றது. அம்மயக்கத்தை முறுக்கம், இறுக்கம் என்னும் இரு தமிழ்ச்சொற்கள் நொடியில் தெளிவிக்கின்றன. முறுக்கம் என்பது கையோ பொறியோ சுரையைத் திருப்பும் முயற்சி. இறுக்கம் என்பது அம்முயற்சியின் விளைவாக இரு தகடுகள் ஒன்றையொன்று நெருக்கிநிற்கும் விசை. தொழிற்கூடத்திற்கு வேண்டியது இறுக்கம். அது அளப்பதோ முறுக்கம்.

இறுக்கம் எங்கிருந்து வருகின்றது? எஃகு ஆணி அசையாக் கட்டை என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையில் மிக வலிய ஒரு சுருள்வில். சுரையைத் திருப்புந்தோறும் ஆணி நீள்கின்றது. நீண்ட ஆணி மீண்டும் சுருங்க முயல்கின்றது. அவ்வாறு சுருங்க முயலும் இழுப்பே தகடுகளை நெருக்குகின்றது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆணியொன்று, 50 மில்லிமீட்டர் பருமனுள்ள தகடுகளைப் பிடித்திருப்பதாகக் கொள்க. அது செவ்வையாக முடுக்கப்பட்டால் நீள்வது ஏறத்தாழப் பத்தில் ஒரு மில்லிமீட்டர். ஒரு மயிரிழையின் பருமன். அந்த மயிரிழை நீட்சியில்தான் வண்டியின் உருளியும் பாலத்தின் இணைப்பும் கொதிகலத்தின் மூடியும் நிலைபெற்றிருக்கின்றன.

அவ்வாணியின் தலையில் 8.8 என்று பொறித்திருப்பதைத் தொழிலாளர் நாள்தோறும் காண்கின்றனர். அதன் பொருளைக் கேட்டுப் பாருங்கள்; பத்துப் பேரில் இருவர் சொன்னால் மிகுதி. முதல் எட்டு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் விசையளவும் அறாமல் தாங்கும் என்பதைக் காட்டுவது. புள்ளிக்குப் பின்வரும் எட்டு, அதில் பத்தில் எட்டுப் பங்கான 640 நியூட்டனைக் கடந்தால் ஆணி மீளாமல் நீண்டுவிடும் என்பதைக் காட்டுவது. நியூட்டன் என்பது ஓர் அறிஞரின் பெயர். ஆட்பெயரை மொழிபெயர்க்க வேண்டுவதில்லை. மரைப்பள்ளங்களைக் கழித்துப் பார்த்தால், 10 மில்லிமீட்டர் ஆணியில் இழுப்பைத் தாங்கும் பரப்பு 58 சதுர மில்லிமீட்டர். ஆகவே 37,000 நியூட்டனுக்குச் சற்று மேலே அது மீளாது நீளும். 46,000 நியூட்டனுக்குச் சற்று மேலே அற்றுப்போகும்.

இனி முறுக்கத்துக்கு வருவோம். 20 செந்திமீட்டர் நீளமுள்ள திருகுகோலின் நுனியில் 25 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கம், ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டர். இம்முயற்சி முழுவதும் ஆணியை நீட்டுவதற்குச் செல்வதாக நினைப்பவர் ஏமாறுகின்றனர். நூறு பங்கு முயற்சியில் ஐம்பது பங்களவு சுரையின் அடிப்பரப்பு தகட்டின்மேல் உராய்வதிலேயே தீர்ந்துபோகின்றது. நாற்பது பங்களவு மரையோடு மரை உராய்வதில் தீர்கின்றது. எஞ்சும் பத்துப் பங்குதான் ஆணியை நீட்டி இறுக்கத்தை உண்டாக்குகின்றது. வரிதண்டுவோர் தொண்ணூறு பங்கை எடுத்துக்கொண்டபின் உழவன் கையில் எஞ்சும் நெல்லைப் போன்றது அது.

வரி சற்றே குறைந்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். உராய்வு தொண்ணூறு பங்கிலிருந்து எண்பதாகக் குறைகின்றதென்று கொள்க. குறைந்தது ஒன்பதில் ஒரு பங்கே. ஆனால் ஆணியைச் சென்றடையும் முயற்சி பத்திலிருந்து இருபதாகிவிடுகின்றது, இறுக்கம் இருமடங்காகின்றது. அளவியின் முள்ளோ முன்பு காட்டிய அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இதனைக் கணக்காகவே காட்டலாம். முறுக்கத்தை விட்டத்தாலும், உராய்வைப் பொறுத்த ஓர் எண்ணாலும் வகுத்தால் இறுக்கம் கிடைக்கும். அவ்வெண்ணை முறுக்கெண் என்க. உயவிடாத உலர்ந்த ஆணிக்குப் பொறியாளர் கொள்ளும் முறுக்கெண் 0.2 என்னும் அளவினது. 50 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தை 0.01 மீட்டர் விட்டத்தாலும் 0.2-ஆலும் வகுக்க, 25,000 நியூட்டன் வருகின்றது. ஏறத்தாழ 2,500 கிலோ எடை அழுத்துவதற்கு ஒப்பானது. அவ்வாணிக்கு ஏற்ற நல்லிறுக்கம். அதே ஆணியின் மரையில் ஒருவர் எண்ணெய் தடவி, முறுக்கெண் 0.15 ஆயிற்றென்று கொள்க. இறுக்கம் 33,000 நியூட்டனைக் கடந்துவிடும். இன்னும் வழவழப்பான உயவுப்பொருள் இட்டு 0.12 ஆனால், இறுக்கம் ஏறத்தாழ 41,700 நியூட்டன். ஆணி மீளா நீட்சிக்குச் சென்றுவிட்டது, அறுபடுவதற்கு நெடுந்தொலைவில்லை. மறுபுறம், மரையில் துருவேறி 0.3 ஆனால் இறுக்கம் 17,000 நியூட்டனை எட்டாது; அதிர்வில் அது தளர்ந்துபோகும். நான்கு வகையிலும் கருவி காட்டியது 50 தான். நான்கு முறையும் தொழிலாளி தம் கடமையைப் பிழையறச் செய்தவரே.

"கொஞ்சம் எண்ணெய் விட்டால் எளிதாக முடுக்கலாமே" என்று பழைய பணியாளர் புதியவர்க்குச் சொல்லிக்கொடுப்பதை எந்தப் பட்டறையிலும் கேட்கலாம். நல்லெண்ணத்தோடு சொல்லும் அவ்வறிவுரை, உலர்ந்த ஆணிக்குக் குறித்த எண்ணைப் பொய்யாக்கிவிடுகின்றது. எண்ணெய் இடுவது தவறன்று. பல இணைப்புகளில் இட்டே ஆகவேண்டும். ஆனால், இடுவதாயின் முறுக்க அளவை அதற்கேற்பக் குறைத்து வகுத்திருக்கவேண்டும். துத்தநாகப் பூச்சு வேறு, கரும்பூச்சு வேறு. ஆணி வழங்குபவர் பூச்சை மாற்றினாலும், பழைய சுரையையே மீண்டும் மீண்டும் இட்டாலும், முடுக்கும் விரைவு மாறினாலும் உராய்வு மாறும். கரணியம் இத்தனை இருக்க, பழியோ கடைசியாகக் கோலைப் பிடித்த கைமேல் விழுகின்றது.

முறுக்கத்தை அளக்கும் கோல் தோன்றிய வரலாறும் அறியத்தக்கது. நியூயார்க்கு நகரத்து நீர்வழங்கு துறையில் பணியாற்றிய கான்ராடு பார் என்பவர் 1918-இல் அதனை உருவாக்கினார் என்பர். நிலத்தடிக் குழாய்களின் இணைப்புகளில் பணியாளர் தத்தம் வலிமைக்கேற்ப முடுக்கி ஆணிகளை அறுத்துக்கொண்டிருந்தனர். வலியவன் முடுக்கியது அறுந்தது. மெலியவன் முடுக்கியது ஒழுகியது. அவ்வேறுபாட்டை நீக்க எழுந்ததே அக்கருவி. இன்று பரவலாக வழங்கும் வகையில், முன்கூட்டி வைத்த அளவு எட்டியவுடன் உள்ளிருக்கும் சுருள்வில்லின் பூட்டு நழுவி 'டக்'கென்று ஓசை எழும். ஓசை கேட்டபின்னும் அழுத்தினால் முறுக்கம் ஏறிக்கொண்டேதான் போகும். ஓசை ஓர் அறிவிப்பேயன்றித் தடையன்று. பிடியைவிட்டுத் தண்டின் நடுவில் பிடித்தாலும் அளவு பிறழும். பணி முடிந்ததும் சுருள்வில்லைக் கடைசி அளவுக்குத் தளர்த்தி வைக்கவேண்டும். இறுக்கிய நிலையிலேயே பெட்டியில் கிடந்தால் வில் சோர்ந்துபோகும்.

இக்கோல்களுக்குப் பன்னாட்டுச் செந்தரம் உண்டு. பொதுவாக வழங்கும் கோல் 100-க்கு 4 பங்குக்கு மேல் பிழைபடலாகாது என்பதும், 5,000 முறை முடுக்கியபின் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை மீண்டும் அளவொத்துப் பார்க்கவேண்டும் என்பதும் நெறி. நல்ல நெறிதான். ஆனால் 4 விழுக்காட்டுக்குள் நிற்கும் அக்கோலைக்கொண்டு முடுக்கிய ஆணிகளின் இறுக்கத்தை அளந்தால், அது 25 முதல் 30 விழுக்காடு வரை மேலும் கீழும் சிதறிக்கிடக்கின்றது. கோலின் செப்பம் ஆணியைச் சென்றடையவில்லை. வழியில் உராய்வு அதனை விழுங்கிவிட்டது. சான்றிதழைச் சுவரில் மாட்டிவைத்துவிட்டு அமைதியடையும் தொழிற்கூடத்தார் இந்த ஒரு செய்தியை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓசையை நம்பியதனால் நேர்ந்தது என்ன என்பதற்கு ஒரு நிகழ்ச்சியை விரித்துரைக்கலாம். 1990-ஆம் ஆண்டு சூன் 10-ஆம் நாள் காலை. இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து இசுபெயின் நாட்டு மலாகாவிற்கு 81 பயணிகளோடு ஒரு வானூர்தி புறப்பட்டது. 17,300 அடி உயரத்தில், தலைமை வலவருக்கு முன்னிருந்த கண்ணாடிப் பலகை பெயர்ந்து வெளியே பறந்தது. உள்ளிருந்த காற்றின் பாய்ச்சல் அவரை இருக்கையினின்று பிடுங்கி, இடுப்புவரை வானூர்திக்கு வெளியே தள்ளியது. பணியாளர் அவர் கால்களைப் பற்றிக்கொண்டனர். துணை வலவர் ஊர்தியைச் சௌத்தாம்டனில் இறக்கினார். வெளியே தொங்கியவர் இறந்துவிட்டார் என்றே உள்ளிருந்தோர் எண்ணியிருந்தனர். எலும்பு முறிந்தும் பனிக்குளிரால் உறைந்தும் அவர் உயிர் பிழைத்தார். சில மாதங்களில் மீண்டும் பணிக்கும் வந்தார்.

அக்கண்ணாடியை மாற்றிப் பூட்டி 27 மணிநேரமே ஆகியிருந்தது. 90 ஆணிகளால் அது பிடிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் 84 ஆணிகள் உரிய விட்டத்தினும் 0.66 மில்லிமீட்டர் சிறியவை. எஞ்சிய 6 ஆணிகள் விட்டம் ஒத்தும் நீளம் குறைந்தவை. பூட்டியவர் கற்றுக்குட்டியல்லர், பட்டறிவு மிக்க இரவுமுறை மேலாளர். ஆள் குறைவான இரவில், விடியலுக்கு முந்திய நேரத்தில், தாமே அப்பணியை ஏற்றுக்கொண்டார். கழற்றிய பழைய ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒளி குறைந்த பண்டக அறையில் கண்ணளவில் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்தார். உரிய ஆணியின் எண்ணைப் பண்டகக் காப்பாளர் சொல்லியும், பழையதை ஒத்ததே போதும் என்று கருதிவிட்டார். அப்பழைய ஆணிகளுள் பெரும்பாலானவையும் நீளம் குறைந்த தவறான ஆணிகளாகவே இருந்தன என்பது பின்னர்த் தெரியவந்தது. அவை விட்டத்தால் ஒத்திருந்தமையால் பிடித்துக்கொண்டிருந்தன.

இனி வருவதே இவ்வுரைக்கு வேண்டிய பகுதி. அவர் அளவின்றி முடுக்கவில்லை. உரிய அளவு எட்டியதும் நழுவிக்கொடுக்கும் திருப்புளியைத் தேடிப் பெற்று, அளவு வைத்துச் சரிபார்த்தே எடுத்துச் சென்றார். ஒவ்வோர் ஆணியையும் அது நழுவும்வரை திருப்பினார். ஒவ்வொன்றும் நழுவியது. ஆனால் நழுவியது திருப்புளியின் பூட்டு மட்டுமன்று. சிறிய ஆணியின் மரை, பெரிய சுரையின் மரையில் பிடிப்பின்றி வழுக்கியது. கைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றின. நின்ற மேடையோ வசதியாக அமையவில்லை. எட்டிப் பிடித்துக்கொண்டு வேலை செய்தமையால் ஆணித்தலை அமர்ந்த இடத்தையும் அவர் செவ்வையாகக் காணமுடியவில்லை. அவர் கையில் உணர்ந்தது முறுக்கம். கண்ணாடிக்கு வேண்டியிருந்த இறுக்கம் அங்கு இல்லவே இல்லை. இரண்டாம் ஆள் ஒருவர் மீண்டும் பார்க்கவேண்டும் என்னும் கட்டாயம் அப்பணிக்கு விதிக்கப்படவில்லை. அக்கண்ணாடி வெளியிலிருந்து வைத்துப் பூட்டும் அமைப்புடையதாதலின், உள்ளழுத்தம் அதனை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

1992-இல் வெளிவந்த ஆய்வறிக்கை அந்த ஒருவரைப் பழிப்பதோடு நில்லாமல், விளக்கையும் மேடையையும் பண்டக அறையையும் பணிமுறையையும் ஆராய்ந்து உரைத்தது. அம்முறை போற்றத்தக்கது.

அவ்வாறாயின் இறுக்கத்தை அறியும் வழிதான் என்ன? மரையே ஒரு வழி காட்டுகின்றது. சுரை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு மரையிடை அளவு முன்னேறும். 10 மில்லிமீட்டர்ப் பருமரை ஆணியில் அது 1.5 மில்லிமீட்டர். இந்தக் கணக்கில் உராய்வுக்கு இடமில்லை. ஆகவே தகடுகள் ஒன்றோடொன்று நன்கு பொருந்தும்வரை சிறு முறுக்கத்தால் முடுக்கி, அதன்பின் இத்தனை பாகை திருப்புக என்று கோணத்தால் வரையறுப்பது இன்னொரு முறை. உந்துபொறியின் உருளைத்தலை ஆணிகளுக்கு இம்முறை பரவலாக வழங்குகின்றது. இறுக்கத்தின் சிதறல் இதில் பாதியளவாகக் குறைகின்றது. பெருந்தொழிற்கூடங்களின் மின்முடுக்கிகள் முறுக்கத்தையும் கோணத்தையும் ஒருங்கே பதிவுசெய்து கோடாக வரைகின்றன. மரை வழுக்கினால் கோணம் ஓடிக்கொண்டிருக்கும், முறுக்கம் ஏறாது. மரை பிறழ்ந்து நுழைந்தால் முறுக்கம் விரைந்து ஏறும், கோணம் வராது. பர்மிங்காமில் அன்றிரவு கைக்குப் புலப்படாத வேறுபாடு, அக்கோட்டில் கண்ணுக்குப் புலப்படும். மிக உயரிய பணிகளில் ஆணியின் நீட்சியையே அளப்பர். ஆணிக்குள் கேளா ஒலியைச் செலுத்தி, அது மறுமுனை சென்று திரும்பும் காலத்தைக்கொண்டு நீளத்தைக் கணிப்பர். அதற்கு ஆகும் செலவை எல்லா ஆணிக்கும் ஏற்கவியலாது.

முடுக்கி முடித்தபின் ஆய்வாளர் வந்து முறுக்கத்தைச் சரிபார்ப்பது வழக்கம். இதிலும் ஒரு பொறி உண்டு. நின்றுவிட்ட சுரையை மீண்டும் அசைக்க, ஓடிக்கொண்டிருந்தபொழுது வேண்டியதினும் மிகுதியான முறுக்கம் வேண்டும். ஆய்வாளர் தம் கோலால் இழுத்து, அசையத் தொடங்கிய அப்பொழுதில் காட்டும் உச்ச எண்ணைக் குறித்துக்கொண்டால், இருப்பதற்குமேல் இருப்பதாகக் காட்டும். மெல்ல இழுத்து, சுரை சில பாகை நகரும்பொழுது காட்டும் எண்ணைக் கொள்வதே முறை. நகர்த்துவதனால் இணைப்பையும் சற்று மாற்றிவிடுகிறார் என்பது வேறு.

பல ஆணிகள் சூழ்ந்த மூடியில் ஒன்றை முடுக்கும்பொழுது அருகிலுள்ளது தளரும். ஆகவேதான் எதிரெதிராக, இரண்டு மூன்று படியில் முடுக்கவேண்டும் என்கின்றனர். கரடான பரப்பின் மேடுகள் அமுங்குவதனாலும், இடையிலிருக்கும் பூச்சும் அடைப்புத்தாளும் நசுங்குவதனாலும், முடுக்கிய சில மணிநேரத்திலேயே இறுக்கத்தில் ஒரு பங்கு போய்விடும். மயிரிழையளவே நீண்டிருக்கும் ஆணியில் அதிற் சிறு பகுதி அமுங்கினாலும் இழப்பு பெரிதல்லவா? குறுகிய தடித்த ஆணியைவிட நீண்ட மெல்லிய ஆணி இவ்வகையில் நன்று. அதன் நீட்சி மிகுதியாதலின் சிறு அமுங்கலைப் பொறுத்துக்கொள்ளும்.

அதிர்வினால் சுரை தானே கழல்வதைப் பற்றிச் செருமானிய அறிஞர் யுங்கர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு பழைய எண்ணங்களை மாற்றியது. ஆணியின் நெடுக்கில் வரும் அதிர்வைவிடக் குறுக்கே வரும் அசைவே பெருந்தீங்கு செய்வது. தகடுகள் குறுக்கே வழுக்கத் தொடங்கினால் மரையின் உராய்வுப் பிடி விட்டுப்போய்ச் சுரை தானே பின்வாங்கும். அதனைத் தடுப்பது, தகடுகளை வழுக்கவிடாத அளவு இறுக்கம். சுரைக்கடியில் சுருள்வளையம் ஒன்றைச் செருகிவிட்டால் கழலாது என்னும் நம்பிக்கை இன்னும் பல பட்டறைகளில் உண்டு. குறுக்கசைவுக்கு முன் அவ்வளையம் பெரும்பயன் தருவதில்லை.

இவையெல்லாம் பொறியாளர் நூலில் இருப்பவைதாம். கோலைப் பிடிக்கும் கைக்கு இவை சென்று சேர்கின்றனவா என்பதே வினா. பணிமேடைக்கு மேலே தொங்கும் குறிப்புத் தாளில் ஆங்கிலச் சுருக்கமும் ஓர் எண்ணும் இருக்கும். 'ஓசை வரும்வரை' என்பதே பல இடங்களில் பயிற்சி முழுமையும். மரை உலர்ந்திருக்கவேண்டுமா, உயவிடவேண்டுமா? எவ்வரிசையில் முடுக்கவேண்டும்? ஓசை வழக்கத்தினும் முந்தியோ பிந்தியோ வந்தால் யாரிடம் சொல்லவேண்டும்? இம்மூன்றையும் அதே தாளில் தமிழில் எழுத நான்கு வரி போதும். வழக்கத்துக்கு மாறாக ஒரு சுரை சுற்றுவதை முதலில் உணர்வது தொழிலாளியின் மணிக்கட்டு. மின்முடுக்கி இல்லாத சிறு பட்டறைகளில் அந்த மணிக்கட்டைத் தவிர வேறு கருவி இல்லை. அவர் உணர்ந்ததைச் சொல்லச் சொல் வேண்டும். சொன்னால் வேலையை நிறுத்திப் பார்க்கும் மேற்பார்வையாளரும் வேண்டும்.

முடுக்கி முடித்தபின் சுரையிலிருந்து தகடுவரை வண்ணக் கோடொன்று இழுத்துவிடும் வழக்கம் தொடர்வண்டிப் பெட்டிகளிலும் பேருந்துகளிலும் காணத்தக்கது. கோடு இரண்டாகப் பிறழ்ந்திருந்தால் சுரை திரும்பிவிட்டதென்று தொலைவிலிருந்தே அறியலாம். எளிய, நல்ல முறை. ஆனால் பரப்பு அமுங்கி இறுக்கம் குறைந்திருந்தால் சுரை திரும்பியிராது, கோடும் நேராகவே நிற்கும். அப்பொழுது மீண்டும் கோலை எடுத்து, மெல்ல இழுத்து, சுரை நகர்கின்றதா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.